நான்கு கட்டம்

பகலில் இ-சேவை மையத்தில்
ஊர்க்காரர்களின் பெயர்களைக் கட்டத்துக்குள் அடைக்கிறேன்.
தகப்பன் பெயர், எஸ்டேட் பெயர், லைன் எண்.
இரவில் அதே நாற்காலி,
கோத்தகிரி பஜாரில் ஷட்டர் பாதி இறக்கிய அதே அறை.
முப்பது வருடம் முன்பு ஜப்பானில் மட்டும் விற்ற
ஒரு சண்டை விளையாட்டின் வயிற்றைத் திறந்து
அதே வேலையைத்தான் செய்கிறேன்.

எட்டுக்கு எட்டுப் புள்ளி. ஒரு எழுத்தின் வீடு அவ்வளவுதான்.
க ஒடுங்கி இருந்துகொள்ளும். ப தாராளமாக இருக்கும்.
கொ வந்தால்தான் வம்பு:
முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால்,
நடுவில் க, விலக்கிவிட வந்து
இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவனைப் போல.
ஒரு சொல் நீண்டுவிட்டால்
அதன் வால் அடுத்தவன் வாயில் போய் விழும்.
ணை வரைந்த இரவு தலைவலி மாத்திரை போட்டேன்.
வெளியே தேயிலைக்குள் காட்டுமாடு ஒன்று நின்று
மூக்கால் ஊதியது.
அதன் கொம்புக்கு எத்தனை புள்ளி ஆகும் என்று
எண்ணிப் பார்த்தேன்.

ஃபுளோரா ஒசாகாவில் இருக்கிறாள்.
டானிங்டன் பஸ் ஸ்டாப்பில் என்னோடு நனைந்தவள்
இப்போது ஒரு முதியோர் இல்லத்தில்
கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள்.
எனக்கு ராத்திரி இரண்டு என்றால் அவளுக்கு ஐந்தரை.
ஷிப்டுக்குப் புறப்படும் முன் குரல் அனுப்புவாள்,
பல் தேய்த்துக்கொண்டே.

மீன்காரி ஒசென் ஜெயித்தால் சொல்கிற வரியை
மூன்று விதமாக விளக்கினாள்.
ஒன்றுகூட மரியாதையாக இல்லை. நல்லது.
பதினாறு கட்டம் விட்டிருந்தார்கள்.
'ஒங்க வீட்டுச் சட்டி காலி' என்று போட்டேன்.
இடைவெளியோடு எண்ணினால் பதினாறேதான்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது,
டீக்கடையில் சொன்னேன்.
'எந்த வீட்டுச் சட்டி?' என்றார் மாஸ்டர்.

கடைசியாக ஒரு சொல் மிச்சம்.
இருவரும் தோற்காமல் நேரம் முடிந்தால்
திரையின் நடுவில் வருவது. நான்கே கட்டம்.
அங்கே அதற்கு 'இழுத்துப் பிரிப்பது' என்று பொருளாம்.
சரிசமம்: ஐந்து. ஒரு ம் தெருவில் நிற்கும்.
சமன்: கணக்கு நோட்டு வாசனை.
டிரா: அதை எழுதவா இவ்வளவு கண் கெட்டது?
விலக்கு என்று போட்டேன், கச்சிதமாய் நான்கு.
அனுப்பினேன்.
ஏழு நொடிக் குரல் வந்தது. சிரிப்பு மட்டும்.
அப்புறம் இன்னொன்று:
'தவம், மாசத்துக்கு மூணு நாள் அந்தச் சண்டை போதாதா?'

தண்ணீர்ச் சத்தம்.
பிறகு சாதாரணமாக,
'ஸ்கூல்ல காய் விட்டா
அதுக்கப்புறம் என்ன விடுவோம்?'

பழம்.

மூன்று கட்டம். ஒன்று மிச்சம்கூட.
ஆறாம் வகுப்பில் அவள் என்னோடு காய் விட்டாள்,
ஒரு ஜியாமெட்ரி பாக்ஸுக்காக.
பழம் விட்டோமா என்று நினைவில்லை.
கேட்கவும் இல்லை.

பரிசோதிக்க இரண்டாவது ஆள் கிடையாது.
இரண்டு கன்ட்ரோலரையும் மேசையில் வைத்துவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டேன்.
தொண்ணூற்றொன்பது நொடி.
மீன்காரியும் எதிரே நின்ற பிட்சுவும்
முஷ்டியை உயர்த்தியபடி மூச்சு விட்டார்கள்.
ஏறும் தோள், இறங்கும் தோள்.
யாரும் யாரையும் தொடவில்லை.
மேகம் ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து
என் காலடிக்கு வந்தது.
பத்து. மூன்று. பூஜ்யம்.

பமம்
என்றது திரை.

ழவின் வாலுக்கு
எட்டாம் வரிசைக்குக் கீழே இடமில்லை.
முதுகை ஒரு புள்ளி மேலே தூக்கினால்
வால் பிழைக்கும் என்று நினைக்கிறேன்.
கரண்ட் போவதற்குள் பார்க்கவேண்டும்.
அவள் இந்நேரம்
முதல் கிழவரை எழுப்பியிருப்பாள்.